சோணைமுத்து கடைக் கலக்கி

திருப்பூர் நெருப்பெரிச்சல் சாலையில் மதுக்கடையை ஒட்டியிருந்த பாரில் ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார இடம் கிடைப்பது கடினம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறு காலையில் துணி துவைத்துக் காயப்போட்டு, முடி வெட்டிக்கொண்டு, பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள். அன்று ஜெயபாண்டிக்கு உடனே இடம் கிடைத்தது. அவன் உள்ளே நுழைந்ததும் ஓரத்து மேசையில் இருந்த மூன்று பேர் தங்கள் பிளாஸ்டிக் டம்ளர்களையும் சுண்டல் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்த வேறொரு மேசையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் அவனுடைய பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவன் பார் ஆளைக் கூப்பிட்டு, அந்த மேசையை நன்றாகக் கழுவிவிடச் சொன்னான்.

ஜெயபாண்டியோடு வந்த மூன்று பேர் இதைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள்.

பத்து நாளுக்கு முன்பு கம்பெனிக்கு ஆடிட் வந்திருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட். தொழிலாளிகளைத் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டு, மேனேஜரை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு வேலை முடிகிறது என்பது கம்பெனி வெளியே காட்டும் முகம். ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு ஒரு மணி வரை மெஷின் ஓடும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. அதனால் ஆடிட்டுக்கு முன்பு மேனேஜர் ஆறுமுகசாமி எல்லோரையும் மொட்டைமாடியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய், குடிக்கத் தண்ணீர் உண்டா, மேனேஜர் திட்டுவாரா, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவாய். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது. தப்பாகச் சொன்னவர்களைத் திரும்ப எழுப்பிச் சொல்ல வைத்தார்.

ஆடிட்டுக்கு வந்தவர் ஓர் இளம்பெண். சென்னைக்காரர், கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவரே கைகாட்டி நான்கு பேரைக் கூப்பிட்டார். பேட்லாக் டெய்லர் ஜெயபாண்டி, ஓவர்லாக் டெய்லர் முனீஸ், கட்டிங் மாஸ்டர் சிவராஜ், அயர்னிங் கருப்புசாமி. நான்கு பேரும் சேர்ந்து தின்று சேர்ந்து திரிகிறவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வியாழக்கிழமை அவருடைய ரிப்போர்ட் வந்தது. இங்கே இரவு வேலை நடக்கிறது, மறைக்கிறார்கள் என்றிருந்தது. பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தான். அன்றைக்கே நைட் வேலை நின்றது. அந்த நைட்டை நம்பித்தான் பலரும் வாடகையும் சீட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மேனேஜர் நான்கு பேரையும் கூப்பிட்டு விட்டார். அந்தம்மாவிடம் சொன்னது யார் என்று ஞாயிறு சாயங்காலத்துக்குள் பெயர் வர வேண்டும். வராவிட்டால் திங்கள் முதல் நான்கு பேருமே வர வேண்டியதில்லை.

ஜெயபாண்டி எதையும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தவன் அவன். ஆனால் நான்கு பேரில் அவன்தான் அறைக்குள் அதிக நேரம் இருந்தான். பாதியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் வந்தது. அவர் ஜன்னல் பக்கம் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார். இவன் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இதை அவன் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டான். மின்விசிறியையா பார்த்தாய் என்று தைத்த துணியைச் செக்கிங் செய்யும் பெண்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்திதான் அவன் மனைவி ஆஷா. அவள் மட்டும் சிரிக்கவில்லை. குடியிருப்பது கம்பெனி கட்டிவிட்ட லைன் வீட்டில். வேலை போனால் வீடும் போகும். ஆஷாவின் வேலையும் நிலைக்காது. மகள் அபிராமி படிப்பது அந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை காலமாகச் சேர்த்ததெல்லாம் ஒரே சுவருக்குள் இருந்தது. அந்தச் சுவர் கம்பெனியுடையது.

சிவராஜ் பள்ளிபாளையம் சிக்கன் சொன்னார். கருப்புசாமிக்கு அவித்த முட்டை. கருப்புசாமி குடிப்பதில்லை, சைட் டிஷ்ஷுக்காகவே பாருக்கு வருகிற ஆள். முட்டையை உப்பில் தொட்டுத் தொட்டுத் தின்பார், பேச மாட்டார். சிக்கன் வந்ததும் சிவராஜ் தட்டை ஜெயபாண்டியின் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கங்க. காரமா இருக்குதுங்க, பாத்து."

சிவராஜ் பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டம் உள்ளவர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கட்டிங் டேபிளில் துணியை வீணாக்கிய ஒருவனை வேலையை விட்டு அனுப்பியபோதுகூட, போய்ட்டு வாங்க என்றுதான் சொன்னார். அன்று அவருடைய மரியாதை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. ஜெயபாண்டிக்கு அதுதான் பயமாக இருந்தது. எடுத்துக்கங்க என்று தட்டை மறுபடி மறுபடி நகர்த்தினார். நடுவில், தங்கச்சிக்கு ஊரில் அப்பா அம்மா எல்லாம் இருக்கிறார்களா என்று கேட்டார். தங்கச்சி என்றது ஆஷாவை. இருக்கிறார்கள் என்றான். அப்போ பரவாயில்லைங்க என்றார் சிவராஜ்.

முனீஸ் அவனைப் பார்க்காமல் குடித்துக்கொண்டிருந்தான். முனீஸும் உசிலம்பட்டிப் பக்கம்தான். திருப்பூருக்கு வந்த புதிதில் ஜெயபாண்டியின் வீட்டில்தான் படுத்து எழுந்தான். ஓவர்லாக் ஓட்டக் கற்றுக்கொண்டது ஜெயபாண்டியின் பக்கத்து மெஷினில். சாப்பாட்டில் கெட்டிக்காரன். எந்த ஊர்க்காரன் வந்தாலும் எந்தக் கடையில் எதைத் தின்ன வேண்டும் என்று சொல்லி அனுப்புவான். பல்லடம் ரோட்டில் எந்தக் கடைக் குடல், மங்கலத்தில் எந்தக் கடை மட்டன் என்று அவனுக்கு அத்துப்படி. அன்று அவன் சிக்கனைத் தொடவில்லை.

குடித்து முடித்ததும் முனீஸுக்கு பீடி பற்ற வைக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே தீப்பெட்டி. அது எப்போதும் ஜெயபாண்டியின் சட்டைப்பையில் இருக்கும். கோபத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. முனீஸ் எட்டி அவன் பைக்குள் விரலை விட்டான். தீப்பெட்டியோடு ஒரு அட்டை வந்தது. வியர்வையில் ஓரம் நைந்துபோயிருந்தது. ஆடிட் பெண்ணின் பெயரும் செல் நம்பரும் அச்சடித்த அட்டை.

ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுங்கள் என்று அவர் நான்கு பேருக்கும் அதைக் கொடுத்திருந்தார். வாசலிலேயே மேனேஜர் கைநீட்டி நின்றார். மூன்று பேர் கொடுத்துவிட்டார்கள். ஜெயபாண்டி கடைசியாக வந்தபோது மேனேஜருக்கு அந்தப் பெண்ணைக் காருக்குக் கூட்டிப்போகும் அவசரம். கேட்க மறந்துவிட்டார். இவனும் கொடுக்கவில்லை. ஒருவர் பெயர் போட்டுக் கையில் கொடுத்ததைக் கிழித்துப்போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முனீஸ் அட்டையை மேசையில் போட்டான். பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரிந்தது.

"இது எதுக்குடா ஒங்கிட்ட?"

"கெடந்துச்சு."

"கெடந்துச்சா. எங்க மூணு பேர்கிட்டயும் கெடக்கல. ஒங்கிட்ட மட்டும் கெடந்துச்சு."

ஜெயபாண்டி நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்ல அது பொய்போலவே கேட்டது. அவனுக்கே கேட்டது. ஒனக்கு நான் சத்தியம் பண்ணணுமா என்று முனீஸைக் கேட்டான். ஊரில் கூப்பிடுவதுபோல மாப்ள என்று கூப்பிட்டான். முனீஸ் பீடியைப் பற்ற வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னைய மாப்ளங்காத. கூட இருந்துக்கிட்டே எல்லாத்து வயித்துலயும் அடிச்சவன் நீ."

கருப்புசாமி முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வெள்ளையைத் தின்றார். சிவராஜ் எழுந்து, ஒரு நிமிஷமுங்க என்று செல்போனோடு பாரின் தகரக் கொட்டகைக்கு வெளியே போனார். தகரத் தடுப்பின் இடைவெளியில் அவர் முதுகு தெரிந்தது. திரும்பி வந்ததும் மீதியிருந்த சிக்கனைப் பொட்டலம் கட்டச் சொன்னார். சோணைமுத்து கடைக்குப் போகலாம் என்றார்.

ஜெயபாண்டிக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் மூன்று பேரில் ஒருவரையாவது தன் பக்கம் திருப்பியாக வேண்டும். தின்னும்போது மனிதர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்று நினைத்தான். அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

சோணைமுத்துவின் பரோட்டாக் கடை கம்பெனிக்கு அடுத்த தெருவில். அவரும் தெற்கத்திக்காரர்தான், சாத்தூர்ப் பக்கம். பரோட்டாவும் சால்னாவும் ஊரிலிருந்து கொண்டுவந்தது. கலக்கி இங்கே வந்து கற்றுக்கொண்டது. முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கரண்டி சால்னாவும் மிளகும் போட்டு அடித்து, கல்லில் விட்டு, வேகும்போதே நாலாபுறமும் மடித்து எடுப்பார். வெளியே தோல்போல இருக்கும், உள்ளே கூழாக ஆடும். நைட் வேலை நாட்களில் பத்து மணி இடைவேளைக்கு மெஷின்கள் நின்றதும் மொத்தக் கம்பெனியும் தலையில் பஞ்சுத்தூசியோடு இங்கேதான் வந்து விழும். நான்கு நாளாகக் கல் பாதி காலியாகக் கிடந்தது.

அந்த மதியம் கடையில் வேறு ஆள் இல்லை. இலை போட்டார்கள். பரோட்டா வந்தது. சிவராஜ் முதல் துண்டைப் பிய்த்துச் சால்னாவில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, மென்று விழுங்கிய பிறகு சொன்னார்.

"மேனேஜருக்குச் சொல்லீட்டனுங்க. உங்க பேர்தான். நாளைக்கு வர வேண்டாம்னாருங்க. ஊட்டுச் சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்துறச் சொன்னாரு."

ஜெயபாண்டி கையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"வருத்தப்படாதீங்க. ஒருத்தர் போனா மூணு பேருக்குப் பொழப்பு நெலைக்குமுங்க. நீங்க வேற எடத்துல சேந்துக்கலாம். டெய்லருக்கு இந்த ஊர்ல வேலையா இல்ல? சாப்புடுங்க, ஆறுது."

ஆடிட்டில் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் பரவினால் இந்த ஊரில் எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது என்பது நான்கு பேருக்கும் தெரியும். ஜெயபாண்டி கருப்புசாமியைப் பார்த்தான். கருப்புசாமி இலையைப் பார்த்தார். முனீஸ் பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் குவித்துக்கொண்டிருந்தான், தின்னவில்லை.

அப்போதுதான் சோணைமுத்து ஒரு தட்டில் கலக்கியோடு வந்தார். கல்லிலிருந்து அப்போதே எடுத்தது. நேராக முனீஸின் முன்னால் வைத்தார்.

"இது நீ கேக்காமலே போட்டது. காசு வேணாம்ப்பா."

எதற்கு என்று சிவராஜ் கேட்டார்.

சோணைமுத்து தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். இரவுக் கூட்டத்தில் சொல்ல வாய்க்காமல் காத்திருந்தவர்போல இருந்தது அவர் முகம். போன வாரம் கார் போட்டுக்கொண்டு ஒரு பெரிய கம்பெனி அம்மா வந்தது. கடை வாசலில் நின்று, இங்கே கலக்கி நன்றாயிருக்குமாமே, மிளகு கூடப் போட்டு, சால்னா ஊற்றி அடிக்கச் சொல்லணுமாமே என்று கேட்டது. யாரம்மா சொன்னது என்றால், உங்க கஸ்டமர் முனீஸ் சொன்னார் என்றது.

"பத்து மணிக்குப் போனாத்தான் நல்லாருக்கும், நாங்கல்லாம் பிரேக்குக்கு அப்பத்தான் ஓடியாருவோம்னு நீ சொன்னியாம்ல. கரெக்டா பத்து மணிக்கு வந்து நிக்கிது. அன்னைக்குப் பார்த்துக் கடையில ஈ காக்கா இல்ல. ஏன் கூட்டத்தக் காணோம்னு கேட்டுச்சு. இன்னைக்கு ஏதோ ஆடிட்டாம் தாயி, அஞ்சரைக்கே எல்லாத்தையும் ஊட்டுக்குப் பத்திட்டாய்ங்க, இல்லாட்டி இந்நேரம் நிக்க எடமிருக்காதுன்னேன். ரெண்டு கலக்கி தின்னுச்சு. டிரைவருக்கு பார்சல் வேற."

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் சிரிக்காததைக் கண்டு அவர் சிரிப்பு மெல்லக் குறைந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் ஜெயபாண்டியின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கரண்டியைத் தேடுகிறவர்போலக் கல்லுப் பக்கம் போனார்.

முனீஸின் முன்னால் கலக்கி ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அறையில் முனீஸின் பதில்கள் எல்லாம் முடிந்து, அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் இந்த ஊருக்குப் புதுசு, இன்றைக்கு இங்கேதான் தங்குகிறேன், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருப்பார். மொட்டைமாடியில் மேனேஜர் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் அது இல்லை. முனீஸ் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். அவன் எப்படிச் சொல்லியிருப்பான், கையை எப்படி ஆட்டியிருப்பான் என்று ஜெயபாண்டியால் பார்க்க முடிந்தது. அத்தனை பேருக்கும் அவன் அப்படித்தான் சொல்வான்.

"சாப்புட்றா" என்றான் ஜெயபாண்டி. தட்டை இன்னும் கொஞ்சம் முனீஸின் பக்கம் தள்ளினான். "ஆறிரும்."

"நான் வேணும்னா சொன்னேன்?" முனீஸின் குரல் உள்ளே போயிருந்தது. "அந்தம்மா சாப்பாடத்தான கேட்டுச்சு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

முனீஸ் குவித்து வைத்த பரோட்டாத் துண்டுகளை இலையில் பரப்பினான். ரிப்போர்ட் வந்த அன்றே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிக்கனைத் தொடாததும், முகத்தைப் பார்க்காததும், அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் போட்டதும் அதனால்தான்.

ஜெயபாண்டி சிவராஜிடம் திரும்பினான். மேனேஜருக்கு இன்னொரு போன் போடச் சொன்னான். கத்தவில்லை. முனீஸ் சொன்னதைச் சொல்லுங்கள், சோணைமுத்து அண்ணன் சாட்சி சொல்வார் என்றான்.

கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த சோணைமுத்து தலையைத் தூக்காமலே, எந்த அம்மா என்று கேட்டார். நைட் வேலை திரும்பத் தொடங்கினால் கம்பெனி டிபன் பார்சல் எல்லாம் அவரிடம்தான் வரும். என் கடைக்குக் கார் வைத்து யார் வருகிறார்கள், நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். சற்றுமுன் சொன்ன அதே வாய்.

சிவராஜ் இன்னொரு பரோட்டாத் துண்டைப் பிய்த்தார்.

"ஏனுங்க, யோசிச்சுப் பாருங்க. கலக்கியினால ஆர்டர் போச்சுன்னு நான் எப்படிங்க போய்ச் சொல்றது? சொல்லிக்குடுத்த மேனேஜரே முட்டாளாயிருவாரு. மொதல்ல ஒரு பேரு, அப்பறம் ஒரு பேருன்னா என்னையும் நம்ப மாட்டாருங்க. சொன்னது சொன்னதா இருக்கட்டும். தங்கச்சிக்குப் பெத்தவங்க இருக்காங்கன்னீங்களே."

பாரில் அந்தக் கேள்வி எதற்கு வந்தது என்று ஜெயபாண்டிக்கு இப்போது விளங்கியது. அட்டை கிடைப்பதற்கு முன்பே இவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அட்டை அவர்களுடைய மனதுக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

அவன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினான். கடை வாசலில் சிவப்பு நிறக் காயின் போன் தொங்கியது. பையிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டி நேராக்கினான். சில்லறை தேடினான், எல்லாம் நோட்டாக இருந்தது.

"அந்த போன் வேலை செய்யலப்பா" என்றார் சோணைமுத்து.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. கருப்புசாமி எழுந்து வந்து, போனுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார். பாதிச் சாப்பாடு அவர் இலையில் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்காகப் பேசவும் இல்லை.

ஜெயபாண்டி நம்பரை அழுத்தினான். சிவராஜ் முதல்முறையாகச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஜெயபாண்டி, யாருக்குங்க போன்? உங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன். வெய்யிங்க."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முனீஸ் பெஞ்சிலிருந்து பாதி எழுந்திருந்தான். எழவும் உட்காரவும் முடியாமல் அப்படியே நின்றான்.

"நான் சொல்லிட்டேன்னு சொல்லிட்டீகள்ல" என்றான் ஜெயபாண்டி. "சொல்லிர்றேன்."

எடுத்தாகிவிட்டது. பெண் குரல் ஹலோ என்றது. நாணயத்தை உள்ளே தள்ளினான். கம்பெனி பெயரைச் சொன்னான், தன் பெயரைச் சொன்னான், பேட்லாக் டெய்லர் என்றான். அவருக்கு நினைவு வரும்வரை காத்திருந்தான். பிறகு யாருக்குப் போன் செய்தாலும் கேட்பதைத்தான் கேட்டான்.

"சாப்ட்டீங்களா மேடம்?"

அவர் ஏதோ சொன்னார். ஜெயபாண்டி முதுகைச் சுவரில் சாய்த்து, சோணைமுத்துவோடு சேர்த்துக் கடைக்குள் இருந்த மூன்று பேரையும் பார்க்கும்படி திரும்பி நின்றுகொண்டான்.

"நானும் சாப்ட்டாச்சு மேடம். அன்னைக்கு எங்கிட்டக் கேட்டதெல்லாம் மொதல்லருந்து திரும்பக் கேளுங்க."